நீர் வடிந்தால் நெருப்பு

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் சதுப்புக் காடுகளை அழித்து, சுமார் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்க 1995இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு முடிவெடுத்தது. நீரை வடிக்க 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அமிலம் மிகுந்த அந்த மண்ணில் நெல் விளையவில்லை. 1999இல் திட்டமே கைவிடப்பட்டது. அதற்குள் பெருங்கேடு நடந்து முடிந்திருந்தது.

அங்கே காட்டுக்கு அடியில் இருப்பது 'பீட்' என்னும் கரிமண். கையில் அள்ளினால் கரும்பழுப்பாக, நார்நாராக, ஈரம் சொட்டும். பாதி மக்கிய வேரும் சுள்ளியும் அதில் அப்படியே தெரியும். எப்போதும் நீர் தேங்கி நிற்பதால் உள்ளே ஆக்சிஜன் புகுவதில்லை. விழுந்த இலையும் மரமும் முழுதாக மக்குவதில்லை. அவை உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து எடுத்த கார்பன் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகச் சேர்ந்த இந்த மண், சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழமானது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்களின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆனால், எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ளதைவிட அதிக கார்பன் அவற்றில் இருக்கிறது.

நீர் வடிந்ததும் காற்று உள்ளே புகுகிறது. நுண்ணுயிர்கள் பழைய கரிமண்ணைச் சிதைக்க, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, நிலமும் உள்வாங்குகிறது. காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் உமியில் பிடித்த நெருப்பைப்போல அடியிலேயே கனன்று பரவும். எல் நினோ வறட்சி வந்த 1997இல் நடந்தது அதுதான். புகைமூட்டம் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீயில் வெளியான கார்பன், உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து வெளியிடும் அளவில் 13 முதல் 40 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர் சூசன் பேஜ் குழுவினர் 2002இல் கணக்கிட்டனர்.

இப்போது அதே கால்வாய்களின் குறுக்கே தடுப்பணை கட்டி, நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். மண் மீண்டும் நனைந்தால் தீ அடங்கும், சிதைவு குறையும். ஆனால் போன கார்பன் திரும்பிச் சேரப் பல நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். காலநிலை மாற்றத்தைத் தடுக்க நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மரம் நடுவது நல்லதே. அது இந்த இழப்பை ஈடுகட்டாது. இருக்கும் கரிமண்ணை ஈரத்தோடு காப்பதுதான் முதல் வேலை.

அந்த வாய்ப்பு காங்கோ படுகையில் இன்னும் கைநழுவவில்லை. அங்குள்ள பீட் நிலங்களில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். பெரும்பகுதி இன்றும் நீர் வடியாமல் இருக்கிறது. 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஏலத்துக்கு அறிவித்த எண்ணெய் வயல்களில் சில இந்நிலங்களிலேயே அமைந்திருந்தன. வறுமையில் இருக்கும் ஒரு நாட்டிடம் எண்ணெயைத் தொடாதே என்று சொல்வது மட்டும் நியாயமாகாது. எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்தே செழித்த நாடுகள், காங்கோ தன் எண்ணெயைத் தொடாமல் இருப்பதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்.