நேரில் போவதா, திரையில் சேர்வதா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்றம் என்று துறை அறிவித்ததும் முதலில் கேளுங்கள்: விமானம் ஏறிப் போவதா, இணையத்தில் சேர்வதா? இரண்டிலும் உங்கள் உரிமைகள் ஒன்றல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தையே பார்ப்போம். 1987-இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கிய எராஸ்மஸின் இன்றைய வடிவம் இது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு இதற்கான ஒப்பந்தம் உள்ள இந்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் போகலாம். விண்ணப்பம் உங்கள் கல்லூரி வழியாகத்தான். இந்தப் பரிமாற்றத்தில் இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நேரில் படிக்கும் காலம் 2 முதல் 12 மாதம். அவ்வளவு நாள் வீட்டை விட்டிருக்க முடியாதவர்களுக்கு 5 முதல் 30 நாள் பயணமும் உண்டு. அதோடு இணைய வகுப்பு கட்டாயம். உதவித்தொகை அங்கே தங்கும் நாள்களுக்கு மட்டுமே.

அங்குள்ள பல்கலைக்கழகம் உங்களிடம் கல்விக் கட்டணமோ தேர்வு, ஆய்வகம், நூலகக் கட்டணமோ வாங்கக் கூடாது. காப்பீடு போன்ற சிறு தொகைகளை, உள்ளூர் மாணவரிடம் வாங்கும் அளவுக்குக் கேட்கலாம். புறப்படும் முன் நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூவரும் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதிலுள்ள பாடங்களில் தேறினால், மறுதேர்வு வைக்காமல் அந்தக் கிரெடிட்டுகளை உங்கள் கல்லூரி ஏற்க வேண்டும்.

இணையப் பரிமாற்றம் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை. முடிவில் ஒரு சான்றிதழ் வரும், மதிப்பெண் பட்டியலில் எதுவும் ஏறாது. கிரெடிட் உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். நேரத்தையும் பாருங்கள்: குளிர்காலத்தில் ஜெர்மனியின் மாலை 4 மணி நமக்கு இரவு 8.30. விடுதியில் இணையம் திணறும் நேரம் அது. ஆனாலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கும், பயணம் செய்ய முடியாத உடல்நிலை உள்ளவருக்கும் திறந்திருக்கும் ஒரே வழி இதுவாக இருக்கலாம். அதனாலேயே இதைத் தரமாக நடத்தச் சொல்லிக் கேட்கிறேன். பயணச் செலவை மிச்சப்படுத்த, நேரில் என்று அறிவித்ததைக் கல்லூரி திரைக்கு மாற்றினால் அதை ஏற்காதீர்கள்.

பயணம் பாதியில் நின்றால், 2020-இல் கொரோனாவால் பலருக்கு நின்றதுபோல, உடனே கல்லூரிக்கு எழுதுங்கள். உங்கள் கைமீறிய காரணம் என்றால், திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டு, வாடகைச் செலவை ஈடுகட்டக் கேட்கலாம், ரசீதுகள் வேண்டும். தகவல் சொல்லாமல் திரும்பினால் உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கக்கூடும்.

கிரெடிட் மறுக்கப்பட்டால், கற்றல் ஒப்பந்தத்தின் நகலோடு உங்கள் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் கல்லூரியின் முறையான மேல்முறையீடு. அதற்கும் பதில் இல்லையென்றால், திட்டப் பணத்தைப் பெற்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எந்த நாட்டிலிருக்கிறதோ, அந்நாட்டின் எராஸ்மஸ் தேசிய முகமைக்கு எழுதலாம்.