வண்டலூருக்கு எப்போது போகலாம்?

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பும் குழந்தைகள் எம்மிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் உணவைப் பற்றியதன்று; "சிங்கம் பார்க்க எப்போது போகலாம்?" என்பதே.

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், தாம்பரம் வழியே சென்றால் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை அடையலாம். 1855இல் சென்னையில் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலையே 1985இல் இங்குப் புதுவாழ்வு பெற்றது. பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். நலமுடையோரே நடந்து களைப்பர். எனவே இதய நோயாளிகளும் மூட்டுவலி உடையோரும் பேட்டரி வண்டியில் சுற்றுவதே நன்று.

சிறுவர் பெரிதும் விரும்புவது வண்டியில் அமர்ந்தபடி சிங்கங்களைக் காணும் உலா. அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டோருக்கு வண்டியின் குலுக்கல் தையலிடத்தில் வலி தரக்கூடும். மருத்துவரைக் கேட்ட பின்னரே ஏறுதல் வேண்டும்.

குழந்தையின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் பயணமே வேண்டா. இரத்தப் பரிசோதனையில் அவை மீண்டமை தெரிந்த பின்னரும், மருத்துவர் இசையும் வரை, பறவைகளுக்கிடையே நடந்து செல்லும் பெருங்கூண்டினுள் நுழையாதிருத்தல் நலம். உலர்ந்த எச்சத்தின் தூசியில் கிருமிகளும் பூஞ்சைகளும் இருக்கலாம். மூச்சோடு அவை நுரையீரலை அடையும். அகழிக்கு அப்பால் நிற்கும் சிங்கத்தைவிட, தலைக்குமேல் பறக்கும் சிறு பறவையே இக்குழந்தைகள் திறத்தில் அஞ்சத்தக்கது!

காய்ச்சிய நீரும் கைகழுவச் சோப்பும் உடன் இருக்கட்டும். கூட்டம் குறைந்த வேலைநாட் காலையே ஏற்றது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.