படகின் பின்பலகையில் ஆழமானி: வாங்கும் முன்னும் மாட்டும் முன்னும்



வலை, எஞ்சின், படகு மராமத்து என்று வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சமீபமாக இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. சிலர் அதை எக்கோ என்று எழுதுகிறார்கள், சிலர் ஃபிஷ் ஃபைண்டர் என்கிறார்கள். தண்ணீரின் ஆழத்தையும் படகின் வேகத்தையும் சிறு திரையில் காட்டும் கருவி அது. வாங்குபவர் கடனோடு, வீட்டுப் பெண்கள் பனை ஓலை முடைந்து சேர்த்த காசையும் போட்டுத்தான் வாங்குகிறார். மாட்டிய சில நாளில் "ஓட ஆரம்பித்தால் எண் காணாமல் போகிறது", "இருக்கிற ஆழம் ஒன்று, காட்டுவது ஒன்று" என்று குறை வருகிறது. இப்படிப்பட்ட குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் திரையில் இல்லை. படகின் பின்பலகையில், உணரியை மாட்டிய இடத்தில் இருக்கிறது. ஆகவே மாட்டும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உணரி என்பது உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் கட்டி. எஞ்சின் தொங்கும் பின்பலகையின் வெளிப்பக்கத்தில், அடிமட்டத்தை ஒட்டி அது பொருத்தப்படும். நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கீழ்நோக்கி விட்டு, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். 3 மீட்டர் ஆழமென்றால் ஒலி போய் வரும் தூரம் 6 மீட்டர். அதற்கு ஒரு விநாடியை 1000 பங்காக்கினால் 4 பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றிக் காட்டுவதுதான் கருவியின் வேலை. டைட்டானிக் மூழ்கிய மறு ஆண்டு, 1913-ல், ஜெர்மனியின் அலெக்சாண்டர் பெஹ்ம் இப்படி ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓங்கில் இதையே அல்லாஹ் கொடுத்த இயல்பாகச் செய்கிறது என்பது நம் கடலோடிகளுக்குத் தெரியாததல்ல.

மழைக்காலத்தில் நம் ஏரி நன்னீராகி, கோடையில் உப்பு ஏறுவதால் கணக்கு தப்பாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. ஒலியின் வேகம் மாறத்தான் செய்யும். ஆனால் 3 மீட்டர் ஆழத்தில் அதனால் ஒரு சாண் வித்தியாசம்கூட வராது.

வேறு ஒன்றுக்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. பரப்பு பெரிதே தவிர ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய காலத்திலும் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, சரக்கு சிறு படகுகளில்தான் வந்து போயிற்று. ஒலியை விட்ட உடனே உணரி சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் திரும்பி வரும் எதிரொலி அதற்குக் கேட்காது. அதனால் சுமார் அரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தைப் பல கருவிகள் சரியாகக் காட்டுவதில்லை. எண் மறைந்துபோனால் பரவாயில்லை. சில சமயம் எதிரொலி படகின் அடியில் பட்டு, மறுபடி தரைக்குப் போய், இரண்டாவது முறை வருவதைக் கருவி பிடித்துக்கொள்ளும். அப்போது முக்கால் மீட்டர் தண்ணீர் ஒன்றரை மீட்டர் என்று திரையில் நிற்கும். ஏரிக்குள்ளேயே இறால், நண்டு தொழில் செய்பவருக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கையிலுள்ள கழி போதும், அது பொய் சொல்லாது. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு, இத்தனை பாகத்தில் வலை விட வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, இருட்டில் திரும்பி வருகிறவர்களுக்கு இது உபயோகம்.

முகத்துவாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணல் அங்கே நிலையாக நிற்பதில்லை. போன மாதம் போன வழி இந்த மாதம் திட்டாக இருக்கும். கருவி காட்டுவது படகின் பின்பக்கத்தின் நேர்கீழே உள்ள ஆழத்தை மட்டுமே. முன்னால் பத்தடியில் இருக்கும் திட்டு அதற்குத் தெரியாது. எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவருக்குத்தான் அது எச்சரிக்கை; முழு வேகத்தில் போகிறவருக்குச் செய்தி வரும்போது அணியம் மணலில் ஏறியிருக்கும். 2011 டிசம்பர் 25 அன்று நம் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, கருவி இருந்திருந்தால் என்று பேசுபவர்கள் உண்டு. ஆள் கூடுதலாக ஏறியதும், லைஃப் ஜாக்கெட் இல்லாததுமே அன்று எல்லோராலும் பேசப்பட்டவை. கருவி வாங்கும் காசில் முதலில் ஜாக்கெட் வாங்குங்கள்.

இனி மாட்டும் இடம். உணரிக்கு அடியில் ஓடும் தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்திருக்கக் கூடாது. குமிழி ஒலியைத் தடுத்துவிடும். ஓடும்போது எண் காணாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரிப்பட்டை, ஒட்டுப்போட்ட மேடு, ஏதாவது ஓட்டை இவற்றுக்கு நேர் பின்னால் மாட்டக் கூடாது. படகைத் தண்ணீரில் ஓடவிட்டுப் பின்னால் எட்டிப் பாருங்கள். நுரையில்லாமல் தெளிந்து பிரியும் இடம் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் கடிகார முள்ளின் திசையில் சுழன்றால் வலப்பக்கம் மாட்டுவது நல்லது. அந்தப் பக்கம் இலைகள் கீழ்நோக்கி இறங்குவதால் கலக்கம் குறைவு. எதிர்த்திசையில் சுழன்றால் இடப்பக்கம். ப்ரொப்பெல்லரிலிருந்து 38 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குலம் தள்ளி மாட்டச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. நம் ஃபைபர் படகுகளின் பின்பலகை குறுகலானது, அவ்வளவு இடம் கிடைக்காமல் போகலாம். அப்போதும் எஞ்சினை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, அது எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

லைட்ஹவுஸ்குப்பம் பக்கத்தில் படகைக் கரையில் இழுத்துப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மணலில் இழுபட்டால் உணரி உடையும். எதிலாவது இடித்தால் தானே மேலே மடங்கிக்கொள்ளும் பிராக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். கரையேறும் முன் கையாலேயே மடக்கிவிடலாம்.

துளை போடுவதில்தான் ஆபத்து அதிகம். நம் படகுகளின் பின்பலகைக்கு உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கிறது. மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். ஓர் ஆணித்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து பிளைவுட்டுக்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஊறி, உளுத்து, எஞ்சின் பிடிப்பு தளர்ந்த பிறகே தெரியும். கடலில் எஞ்சின் ஆடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கெட்டியான பிளாஸ்டிக் பலகைத் துண்டு ஒன்றைப் பின்பலகையில் ஒரே முறை நன்றாகப் பொருத்தி, உணரியை அந்தத் துண்டில் மாட்டுவது உத்தமம். இடம் மாற்ற நேர்ந்தால் படகில் புதுத் துளை வேண்டாம். துளையிடும் இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, டிரில்லை முதலில் எதிர்ப்பக்கம் சுழலவிட்டு மேல்பூச்சைத் தேய்த்தால் வெடிப்பு வராது. துளைக்குள்ளும் ஆணி மரையிலும் படகுக்கென்று விற்கும் சீலன்ட் நிறையப் பூசி, துருப்பிடிக்காத எஃகு ஆணியை முடுக்க வேண்டும். குளியலறைக்கு விற்கும் சிலிக்கான் பசை இதற்கு ஆகாது. தண்ணீரில் இறக்கிய பிறகு உள்பக்கம் கசிவு இருக்கிறதா என்று உடனே பாருங்கள், மூன்று மணி நேரத்துக்குள் இன்னொரு முறையும் பாருங்கள். முதல் நாளே படகை இரவு முழுதும் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

உயரம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஃபைபர் படகில் உணரியின் அடிப்பக்கம் படகின் அடிமட்டத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். உங்கள் கருவியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். எண் விட்டுவிட்டு வந்தால் 3 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி மறுபடி பாருங்கள். பின்னால் தண்ணீர் சேவல் வால்போல் எழும்பினால் அதிகம் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வயரை வெட்டி ஒட்டாதீர்கள். நீளம் மிஞ்சினால் சுருட்டிக் கட்டிவையுங்கள். எஞ்சின் வயரோடும் வயர்லெஸ் வயரோடும் சேர்த்துக் கட்டினால் திரையில் கோடு கோடாக வரும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற வழியில்லை. தனியாக 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கருவி அரை ஆம்பியர் இழுப்பதாகத் தாளில் இருந்தால், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வரும். பாதியை மட்டும் நம்புங்கள். ஃபியூஸ் இல்லாமல் இணைக்க வேண்டாம்.

அமைப்புகளில் இரண்டை மறக்கக் கூடாது. முதலாவது அலகு. புதுக் கருவி அடிக்கணக்கில் காட்டக்கூடும். 3 என்பதை 3 மீட்டர் என்று நினைத்து நுழைந்தால் இருப்பது 3 அடிதான். நம் வழக்கில் ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. படகில் ஏறும் எல்லோரும் ஒரே அலகைப் பேசும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எஞ்சின் கால். கருவி உணரியிலிருந்துதான் அளக்கிறது, எஞ்சின் காலின் நுனி அதற்கும் கீழே தொங்குகிறது. நுனி 40 சென்டிமீட்டர் கீழே இருந்தால், திரையில் 60 என்று நிற்கும்போது உங்களுக்கு மிச்சம் இருப்பது 20 தான். அந்த 40-ஐக் கழித்துக் காட்டும்படி கருவியிலேயே அமைக்கலாம். அமைத்த பிறகு ஆழமில்லாத இடத்தில் கழியை ஊன்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். உணரியில் உள்ள சின்னச் சக்கரம் தண்ணீரில் படகு போகும் வேகத்தைச் சொல்லும். ஜிபிஎஸ் தரையைக் கணக்கிட்டுச் சொல்லும். சக்கரம் 6 நாட், ஜிபிஎஸ் 4 நாட் என்றால் 2 நாட் நீரோட்டம் உங்களை எதிர்க்கிறது. நீர் வற்றி வெளியேறும் நேரத்தில் அது உள்ளே வரும் அலையோடு மோதி, அலையைச் செங்குத்தாக்கும். முகத்துவாரத்தில் காத்திருப்பதா போவதா என்று முடிவெடுக்க இந்த வித்தியாசம் உதவும். சக்கரத்தைச் சரிபார்க்க, எஞ்சினை ஒரே வேகத்தில் வைத்து ஒரே பாதையில் போய்த் திரும்புங்கள். இரண்டு ஜிபிஎஸ் வேகங்களின் சராசரியோடு சக்கரத்தின் எண் ஒத்துப்போக வேண்டும்.

சக்கரம் நம் தண்ணீரில் சீக்கிரம் பாசி பிடிக்கும், கொட்டலசும் ஒட்டும். வாரம் ஒருமுறை மிருதுவான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

கடன் மனு கொடுப்பவர்கள் கருவியின் விலையை மட்டும் எழுதாமல், பேட்டரி, ஃபியூஸ், எஃகு ஆணி, சீலன்ட், பிளாஸ்டிக் பலகை, மாட்டுக்கூலி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். படகில் எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்பதையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.