ஆயுட்கால எண்ணெய்: யாருடைய ஆயுள்?

இரண்டாம் கையாக வாங்கிய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 எங்கள் வீட்டில் ஓடுகிறது. 2014 மாடல். ஓடோமீட்டர் 72,000 மைலைத் தொட்டபோது, அதாவது சுமார் 1,16,000 கிலோமீட்டரில், கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றலாமா என்று ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அது லைஃப்டைம் ஃபுளூயிட் சார், தொடவே வேண்டாம்" என்றார்கள். எனக்கு ஒரு சந்தேகம். லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப்? காருடையதா, வாரன்டியுடையதா, என்னுடையதா?

வீட்டுக்கு வந்து தேடினேன். இந்தக் காரின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனைச் செய்வது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். 1915-ல் செப்பலின் வான்கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. கியர்பாக்ஸின் பெயர் 8ஹெச்.பி. அதைச் செய்தவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். செய்தவர் மாற்றச் சொல்கிறார், விற்றவர் வேண்டாம் என்கிறார். நான் செய்தவர் பக்கம் சாய்ந்தேன்.

இந்த எண்ணெய் என்னதான் செய்கிறது?

எஞ்சின் ஆயிலுக்கு முக்கிய வேலை வழுக்கச் செய்வது. ஏ.டி.எஃப்.புக்கு நாலு வேலை. பல்சக்கரங்களுக்கு உயவு தர வேண்டும். சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். அழுத்தத்தைக் கடத்தி கிளட்சுகளை இயக்க வேண்டும். நாலாவதுதான் கஷ்டமானது: கிளட்ச் தட்டுகள் ஒன்றை ஒன்று பிடிக்கும் அந்த நொடியில் சரியான அளவு உராய்வு தர வேண்டும். அதிகம் வழுக்கினால் தட்டு தேயும், வெடுக்கென்று பிடித்தால் கார் குலுங்கும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்!

இந்தச் சமநிலைக்காக ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டங்கள் திமிங்கலத்துக்குப் பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்றுப் பொருளைத் தேடிப் போனார்கள். இன்று அந்த வேலையைச் செய்பவை செயற்கைச் சேர்மானங்கள். சூட்டில் அவை மெல்ல மெல்லச் சிதைகின்றன. கூடவே கிளட்சின் தேய்மானத் துகள் சேர்கிறது. ஆகவே "ஆயுட்காலம்" என்பது வேதியியலில் கிடையாது.

"பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்"

இதை நிறையப் பேர் சொல்வார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் எண்ணெயை எப்போது மாற்றுகிறார்கள்? கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு. தட்டு அதற்குள் தேய்ந்திருக்கும். எண்ணெய் மாற்றாவிட்டாலும் அந்தப் பெட்டி போகத்தான் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. என் கார் வழுக்கவில்லை, குலுங்கவில்லை. அதனால்தான் துணிந்தேன். உங்கள் கார் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கொஞ்சம் கணக்கு

மொத்த எண்ணெய் சுமார் 9 லிட்டர். அடித்தொட்டியைக் கழற்றினால் 5 லிட்டர்போல வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆக ஒருமுறை மாற்றினால் பழசு 4/9, அதாவது 44 சதவீதம் மிச்சம். கொஞ்ச நாள் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் 44-ல் 44 சதவீதம், சுமார் 20. முழுசாகப் போகாது, ஆனால் பாதிக்கு மேல் புதுசாக இருப்பதே பெரிய லாபம்.

செய்த விதம்

முதலில் உயிர் விஷயம். ஜாக் என்பது காரைத் தூக்க மட்டும். அடியில் போவதென்றால் நாலு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். இரண்டு டன் இரும்பு இரண்டாவது வாய்ப்பு தராது. காரும் சமமட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் எண்ணெய் அளவு தப்பாகத் தெரியும்.

இரண்டாவது, டிரெயின் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் துளையின் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் தொழிலில் பேக்கப்பைத் திருப்பி எடுக்க முடிகிறதா என்று பார்க்காமல் டேட்டாபேஸை அழிக்க மாட்டோம். இதுவும் அதேதான். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு நிரப்பும் பிளக் இறுகிக்கிடந்தால், கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்தக் காரில் அடித்தொட்டி பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, தொட்டியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் காந்தங்களைப் பார்த்தேன். மை மாதிரி நுண்ணிய சாம்பல் பசை. அது சாதாரணத் தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். புதுத் தொட்டியின் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினேன். கைபலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் விரியும்.

நிரப்புவது கைப்பம்பால். எஞ்சினை அணைத்த நிலையில் துளையில் வழியும் வரை ஊற்றி, பிளக்கை மூடி, ஸ்டார்ட் செய்து, மறுபடி பிளக்கைத் திறந்து வழியும் வரை ஊற்ற வேண்டும். பிறகு மூடிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில நொடி வைத்துத் திரும்ப பார்க்கிங். கடைசியில் எஞ்சின் ஓடும்போதே, எண்ணெய் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கையில் பிளக்கைத் திறந்தால் மெல்லிய தாரையாக வழிய வேண்டும். அதுதான் சரியான மட்டம். எஞ்சின் ஓடும் வேலை என்பதால் கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் சுடும், அதையும் கவனியுங்கள்.

நான் செய்த தப்பு

வெப்பநிலையைக் காட்டும் லேப்டாப்பை மனைவியிடம் கொடுத்திருந்தேன். நான் அடியில் படுத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அழகாக வழிந்தது. திருப்தியாகப் பிளக்கை மூடினேன்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"அறுபத்திரண்டுங்க."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

நியாயம்தான்.

இதில் என்ன ஆபத்து? எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 சதவீதம் என்று வைத்தால், 9 லிட்டருக்கு டிகிரிக்கு 6 மில்லி. 62-ல் நிறைந்ததாகத் தெரிவது 35-க்கு இறங்கும்போது 170 மில்லி குறைந்திருக்கும். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். காப்பாற்றக் கிளம்பிய கியர்பாக்ஸை நானே கெடுத்திருப்பேன்.

அன்று காரை இறக்கவில்லை. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து, 35 டிகிரியில் பிளக்கைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ஏறக்குறைய ஒரு டம்ளர் ஊற்றிய பிறகுதான் வழிந்தது. கணக்கு ஒத்துப்போனதில் சந்தோஷம், பயமும் கூட.

இதை எழுதக் காரணமே அந்த ஒரு டம்ளர்தான். வீடியோக்களில் போல்ட்டைக் கழற்றுவதைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள், வெப்பநிலையை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போல்ட் வேலையை யாரும் செய்துவிடலாம். கவனம் வேண்டியது அந்த 30-க்கும் 50-க்கும் நடுவில். நீங்கள் செய்வதாக இருந்தால் உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்ணெய் வகையையும் வெப்பநிலையையும் பாருங்கள், காருக்குக் கார் மாறும். லேப்டாப்பைப் பிடிப்பவரிடம் ஐந்து டிகிரிக்கு ஒருமுறை சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பழைய எண்ணெய் கேனில் அடைத்து மறுசுழற்சிக்குப் போய்விட்டது. அடுத்த மாற்றம் ஒரு வருடம் கழித்து. அந்த மீதி 44 சதவீதம் இன்னும் பாக்கி இருக்கிறதே.