காத்திருக்க வைத்த ஊர்

கப்பல்களை ஒரு மாதம் தள்ளி நிறுத்தத் தெரிந்த டுப்ரோவ்னிக், இப்போது அந்தப் பாடத்தை மறுபடி படிக்கிறது

காலை ஏழு மணிக்கு குரூஷ் துறைமுகத்துக்குள் ஒரு வெள்ளைக் கப்பல் மெல்ல நுழைகிறது. கப்பல் என்பதைவிட மிதக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பொருந்தும். மாடி மாடியாக பால்கனிகள், உச்சியில் நீச்சல் குளம். எதிர்க்கரை வீடுகள் திடீரென்று தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒன்பது மணிக்குள் பஸ்கள் புறப்பட்டுவிடும். சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி பீலே வாசலில் இறங்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி. மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் பல நூற்றாண்டு சரித்திரத்தைப் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த பொம்மையும் வாங்கிவிட வேண்டும்.

மத்தியதரைக் கடலின் ஒரு கையான அட்ரியாட்டிக் கரையில், குரோஷியாவின் தெற்கு முனையில் இருக்கிறது டுப்ரோவ்னிக். அதன் பழைய நகரம் அப்படியொன்றும் பெரிதல்ல. சுற்றியுள்ள கோட்டைச் சுவரின் மொத்த நீளமே 1,940 மீட்டர்தான். நடுவே ஸ்ட்ராடுன் என்ற பெரிய தெரு. நூற்றாண்டுகளாகக் காலடி பட்டுப்பட்டு அதன் கல்தளம் கண்ணாடி போல வழுக்குகிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 300 மீட்டர், சாவகாசமாக நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் மூன்று நான்கு கப்பல்கள் ஒரே காலையில் வந்து நின்ற வருடங்களில், இங்கே நடந்தவர்களின் கதி தேரோட்டத்தில் மாட்டிக்கொண்டவர் கதிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வந்த கப்பலை 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த ஊர்தான்.

அப்போது இதன் பெயர் ரகூசா. பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். 1377-ல் நகரத்தின் பெரிய சபை ஒரு சட்டம் போட்டது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர் யாரானாலும், பக்கத்தில் உள்ள மெர்கான் என்ற பாறைத் தீவிலோ சாவ்டாட் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம். வியாபாரத்தை முழுக்க மூடிவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும், திறந்துவிட்டால் ஊரே செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி இது. பின்னால் முப்பது நாள் நாற்பதானது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' பிறந்தது. கோட்டைக்குக் கிழக்கே பயணிகளையும் சரக்கையும் தங்கவைக்கக் கட்டிய லசரெட்டி கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே இப்போது கச்சேரிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன.

கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊர் அது. துருக்கி சுல்தானுக்கு வருடா வருடம் 12,500 டுகாட் கப்பம் கட்டிவிட்டு நிம்மதியாகக் கப்பல் விட்டது. ஆட்சித் தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அலுவல் இல்லாமல் மாளிகையை விட்டு அவர் வெளியே வரக்கூட முடியாது. (நம் ஊர் அமைச்சர்களுக்கு இந்த விதியைச் சொல்லிப் பார்க்கலாம்.) 1416-லேயே அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்டது. இதன் வணிகர்கள் கோவா வரை வந்தார்கள். பழைய கோவாவுக்கு அருகே காண்டௌலிம் கிராமத்தில் உள்ள புனித பிளேஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது என்று சொல்வதுண்டு. டுப்ரோவ்னிக்கின் காவல் தெய்வமும் அதே புனிதர்தான். அன்று ரகூசாக்காரர் கோவாவுக்குக் கப்பலேறினார். இன்று கோவாக்காரர்கள் உல்லாசக் கப்பல்களில் சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் வேலை பார்க்கிறார்கள்.

நெப்போலியனின் படை 1808-ல் குடியரசுக்கு முடிவு கட்டியது. அதற்கும் முன்பே, 1667 நிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியிருந்தது. ஆனால் இன்றைய தலைமுறைக்கு மறக்காதது 1991 டிசம்பர் 6. யூகோஸ்லாவியா உடைந்த போரில், முற்றுகையிட்டிருந்த யூகோஸ்லாவ் ராணுவம் மலைமேலிருந்து பழைய நகரத்தின் மீது குண்டு பொழிந்தது. முற்றுகையின்போது உள்ளே இருந்த 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டன. கோட்டைச் சுவர் மேல் நின்று பார்த்தால் கூரைகளே கதையைச் சொல்லும். வெளிறிய ஓடு பழையது, பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடு போருக்குப் பின் வேய்ந்தது. பளிச்சென்றதுதான் அதிகம். ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ இதை 1991-ல் சேர்த்தது, 1998-ல் நீக்கியது.

பீரங்கிக்குத் தப்பிய ஊரைப் பிறகு விருந்தாளிகள் முற்றுகையிட்டார்கள். 2013-ல் மட்டும் கப்பல் வழியாக வந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். போதாததற்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் இங்கே படமாக்கப்பட்டது. அசல் மன்னர் யாரும் இல்லாத இந்தக் குடியரசில் இல்லாத மன்னரின் சிம்மாசனத்தைத் தேடி ஜனம் வந்தது. எதிரே உள்ள லோக்ரும் தீவில் அதன் மாதிரி ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு என்ன லாபம்? கப்பல் பயணி தூங்குவது கப்பலில். காலை உணவும் இரவு உணவும் அங்கேதான், ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. 1438-ல் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த ஓனோஃப்ரியோ நீரூற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்கிறார், அதுவும் இலவசம். கோட்டைச் சுவர் டிக்கெட், ஒரு காபி, ஒரு பொம்மை. வழிகாட்டிகளுக்கும் பஸ்காரர்களுக்கும் பிழைப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் கல்தளம் தேய்வதும் குப்பை அள்ளுவதும் ஊர்க் கணக்கில்.

பெரிய நஷ்டம் வேறு. போருக்கு முன் சுவருக்குள் சுமார் 5,000 பேர் குடியிருந்தார்கள். இப்போது 1,500-ஐச் சுற்றித்தான். யாரும் துரத்தவில்லை. பாட்டி வீட்டை விருந்தினர் அறைகளாக மாற்றினால் ஒரு கோடை காலத்தில் கிடைக்கும் பணம், வருடம் முழுக்கக் குடியிருப்பவர் தரும் வாடகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மளிகைக் கடை போய் நினைவுப் பொருள் கடை வந்தது. குண்டுலிச் சதுக்கத்தில் காலைச் சந்தை இன்னும் கூடுகிறது, ஆனால் கத்தரிக்காய், தக்காளிக்குப் பக்கத்திலேயே சுற்றுலாப் பயணிக்கான லாவெண்டர் பைகளும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் இடம்பிடித்துவிட்டன.

ஒரே நேரத்தில் 8,000 பேருக்கு மேல் உள்ளே கூடாது என்று யுனெஸ்கோ எச்சரித்தது. 2017-ல் மேயரான மாட்டோ ஃபிராங்கோவிச் அதைவிடக் கறாராகப் பிடித்தார். கப்பல் நிறுவனங்களின் சங்கத்தோடு பேசி, எல்லாக் கப்பலும் சனிக்கிழமை காலையே வந்து குவியாதபடி வருகையை வாரம் முழுக்கப் பரப்பினார். நாளொன்றுக்கு இரண்டு கப்பல், ஒரே நேரத்தில் சுமார் 4,000 பயணிகள் என்று வரம்பு. இந்தக் கெடுபிடியால் வதந்திக்கும் பஞ்சமில்லை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துப் போனால் அபராதம் என்று 2023-ல் உலகப் பத்திரிகைகள் எழுதின. அப்படியொரு தடையே இல்லை, சத்தம் போடாமல் தூக்கிச் செல்லுங்கள் என்றுதான் கேட்டோம் என்றது நகராட்சி.

இடையில் 2020 வந்தது. யோகோஹாமாவில் தடுத்து நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் சிக்கியிருந்தார்கள். அவர்களில் 138 பேர் இந்தியர்கள், பெரும்பாலும் ஊழியர்கள். 1377-ன் சட்டம் என்னவென்று உலகத்துக்கே புரிந்த வருடம் அது. டுப்ரோவ்னிக்குக்கோ இன்னொன்றும் புரிந்தது: கப்பலே வராவிட்டாலும் கஷ்டம்தான். ஸ்ட்ராடுன் காலியாகக் கிடந்தது, கல்லாவும் அப்படியே.

இப்போது மாலையில் குரூஷிலிருந்து கப்பல் கிளம்பிய பின் தெருவில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஊர்க்காரர்கள் தெருவைத் தங்களுடையதாகக் காண்பதற்கு பிப்ரவரி 3 வரை காத்திருக்க வேண்டும். அன்று புனித பிளேஸ் திருவிழா. கப்பல் சீசன் அப்போது இல்லை. கொடிகளோடு சுற்றுவட்டார கிராமத்தார் வருகிறார்கள், வேறு ஊருக்குக் குடிபோனவர்களும் வருகிறார்கள். புனிதரின் திருப்பண்டங்கள் ஸ்ட்ராடுன் வழியே பவனி போகின்றன. அன்றைக்கும் நெரிசல்தான். ஆனால் பக்கத்தில் இடிப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த நெரிசல்.