அறியாத ஆற்றில் ஒருநாட் பயணம்

விடுமுறை நாளை நலமுறக் கழிக்க விரும்பும் மாணாக்கர்க்கு, ஆற்றில் தோணியேறி மிதந்துசென்று தூண்டிலிடுதல் சாலச் சிறந்ததொரு பொழுதுபோக்காகும். கைக்கு உழைப்பும், கண்ணுக்குக் காட்சியும், மனத்திற்குப் பொறுமையும் அதனால் ஒருங்கே வாய்க்கின்றன. ஆயினும், பழகாத ஆறு பழகாத மனிதரைப் போன்றது. முகத்தை மட்டும் பார்த்து அதன் குணத்தை மதிப்பிடலாகாது. காலையிற் கிழக்கு நோக்கிச் செல்லும் நீர் நண்பகலில் மேற்கு நோக்கித் திரும்புதலும், விடியலிற் கண்ணாடிபோற் கிடந்த பரப்பு மாலையில் அலையெறிதலும் உண்டு. ஒவ்வோராண்டும் இளைஞர் சிலர் நீர்நிலைகளில் உயிரிழந்த செய்தியைப் பத்திரிகைகளிற் படித்து வருந்துகின்றோம். இடத்தையுங் காலத்தையும் ஆராயாது இறங்குதலே அத்தகைய கேடுகட்குப் பெரியதொரு காரணமாம். ஆகலின், புதுச்சேரியை அடுத்தோடும் சங்கராபரணியாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அறியாத ஆற்றில் ஒருநாட் பயணத்திற்குச் செய்யவேண்டிய ஏற்பாடுகள் யாவையென ஈண்டு ஆராய்வோம்.

இவ்வேற்பாடுகள் அனைத்திற்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. அஃதாவது, கரையேறும் இடத்தையும் நேரத்தையும் முதலிற் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரத்தைத் துணிதல் வேண்டும் என்பது. பெரும்பாலோர் இதற்கு மாறாகவே செய்கின்றனர். விடியலில் எங்கே கூடுவது, உணவுக்கு யாது கொண்டுபோவது என்று விரிவாகப் பேசுவார்கள். எவ்வாறு திரும்புவது என்பதை மாலையில் வந்தவாறு பார்த்துக்கொள்ளலாமென விட்டுவிடுவார்கள். திரும்புங் காலம் நம் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. அது நீருக்கும் காற்றுக்கும் கதிரவனுக்கும் உட்பட்டது. ஆதலால், அம்மூன்றின் போக்கையும் முன்னரே உசாவி அறிதல் இன்றியமையாததாகும்.

முதலாவது, ஆற்றின் வரலாற்றை அறிக. சங்கராபரணி செஞ்சிக்கு மேற்கேயுள்ள மலைகளில் தோன்றுவது. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்கு வேறு பெயர்களுண்டு. வீடூரில் 1959-ஆம் ஆண்டில் முடிந்த அணை அதன் நீரைத் தேக்குகின்றது. பின்னர் அது புதுச்சேரி எல்லையிற் புகுந்து, ஆரியபாளையத்தில் விழுப்புரம் சாலைப் பாலத்தின் கீழோடி, வில்லியனூரைக் கடந்து, இரு கிளையாய்ப் பிரிந்து வங்கக்கடலை அடைகின்றது. வடகிளை அரியாங்குப்பத்தாறு, தென்கிளை சுண்ணாம்பாறு. மேற்பகுதி ஆண்டிற் பல மாதம் மணலாய்க் கிடக்கும். அன்றியும், படுகையணைகள் குறுக்கே நிற்கும். செல்லிப்பட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்திற் கட்டப்பெற்ற அணை அவற்றுள் ஒன்று. எனவே தோணிப் பயணத்திற்கு ஏற்றது கடல்நீர் ஏறியிறங்கும் கீழ்ப்பகுதியே என்பது போதரும்.

அவ்விரு கிளைகளுள்ளும் புதியவர் எதனைத் தெரிந்தெடுத்தல் தகும்? அரியாங்குப்பத்தாற்றின் முகத்திலே துறைமுகமும், தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறையும் இருத்தலின், அங்கே பொறிப்படகுகள் இடையறாது போக்குவரவு செய்கின்றன. சிறு தோணிக்கு அது பெருஞ்சாலையில் நடைபழகுங் குழந்தையின் நிலையையே தரும். சுண்ணாம்பாற்றிலோ, நோணாங்குப்பத்துப் படகுத்துறையிலிருந்து கடற்கரைத் திட்டிற்கு உல்லாசப் படகுகள் செல்கின்றன. ஆகவே, நோணாங்குப்பம் பாலத்தையே கீழெல்லையாக வரையறுத்து, அதற்கு மேற்புறத்தில் நின்றுவிடுதல் நன்று. முகத்துவாரத்தின் பக்கம் புதியவர் ஒருபோதும் செல்லலாகாது. ஆற்றுநீரும் கடலலையும் எதிர்த்து மோதுமிடத்தில் மணற்றிட்டு நாடோறும் இடம் பெயரும். வற்றுநீர் தோணியைக் கடலுக்கே இழுக்கும்.

இரண்டாவது, பருவம். இக்கரைக்கு மழை மிகுதியாகத் தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்று. அக்காலத்தில் ஆற்றை நெருங்கவே வேண்டா. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகிற் கரைகடந்தபோது, ஒருநாளிலே 46 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை நகரிற் பெய்தது. அதனையடுத்து வீடூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீராற் சங்கராபரணிக் கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஆறு தன் தலைமேல் உள்ள வானத்தை மட்டும் நம்பி ஓடுவதன்று. செஞ்சி மலையிற் பெய்த மழை, வானந் தெளிந்தபின்னும் வில்லியனூரில் வெள்ளமாய் வரக்கூடும். ஆகவே, நம்மூர் வானிலையோடு மேலூர் மழையையும் அணையின் நிலையையும் கேட்டறிதல் வேண்டும். வெள்ளம் வடிந்து நீர் தெளியும் தை, மாசி, பங்குனி மாதங்களே இப்பயணத்திற்கு உகந்தவை. ஆடி, ஆவணியில் மாலைநேரத்து இடிமழை வருதல் இயல்பாகலின், அம்மாதங்களிற் செல்வோர் நண்பகலுக்குள் கரையேறிவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, ஓதம். இதுவே இப்பயணத்தின் உயிர்நிலை. கடல்நீர் இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகின்றது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடமாகும். ஆதலின் இன்று நிகழ்ந்த ஏற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி நிகழும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் ஏற்றவற்றம் மிகும். அட்டமியை அடுத்த நாட்களிற் குறையும். குஜராத்தில் காம்பே வளைகுடாவின் தலைப்பகுதியில் அவ்வேறுபாடு 10 மீட்டர் அளவிற்கு உயர்கின்றது. நம் கரையிலோ மிக்க நாட்களிலும் அது ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஒரு மீட்டர்தானே என்று இகழற்க. ஆழமில்லா ஆற்றில் ஒரு மீட்டர் நீர் குறைந்தால், வந்த வழி சேறாய் நிற்கும்; தோணியைத் தோளில் வைத்து வீடு திரும்ப முடியாது.

ஓத நேரங்களை இந்திய நில அளவைத் துறையார் ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகின்றனர். ஐதராபாத்திலுள்ள கடற்றகவல் நிலையத்தாரும் அறிவிக்கின்றனர். அவை முகத்துவாரத்திற்கும் துறைமுகத்திற்கும் உரியவை. ஆற்றினுள்ளே ஏற்றமும் வற்றமும் பிந்தியே நிகழும். எவ்வளவு பிந்தும் என்பதை அறிய எளிய வழியுண்டு. பயணத்திற்கு முந்தியதொரு நாளில் நாம் ஏறவிருக்கும் துறையில், விரலளவு கோடுகள் கீறிய மூங்கிற்கழியொன்றை ஊன்றிக் காலைமுதல் நோக்குக. நீர் எப்போது நின்று திரும்புகின்றதென அக்கழி உரைக்கும். கோடையிற் சிற்றாறுகளின் முகம் மணலால் தூர்ந்துவிடுதலும் உண்டு. அப்போது அட்டவணை கூறும் ஓதம் உள்ளே வாராது. அதனையும் அக்கழியே உணர்த்தும்.

நான்காவது, காற்று. வெயிலேற நிலஞ் சூடாகி, முற்பகலின் பிற்கூற்றிற் கடற்காற்று எழுந்து மாலைவரை மேற்கு நோக்கி வீசும். கீழ்நோக்கி வரும் தோணிக்கு அஃது எதிர்க்காற்று; மேல்நோக்கிச் செல்வதற்குத் துணைக்காற்று. இப்போது ஓதத்தையுங் காற்றையும் சேர்த்துப் பார்ப்போமாயின், நாளைத் தெரிந்தெடுக்கும் முறை தானே விளங்கும். விடியலில் நீர் நிறைந்து, நண்பகலில் வற்றி முடியும் நாளே நமக்கு வேண்டியது. அந்நாளில் மேற்றுறையிலிருந்து காலை 7 மணிக்குத் தோணியை விட்டால், வற்றுநீர் நம்மை மெல்லக் கீழே கொண்டுபோகும். நண்பகலிற் பாலத்திற்கு மேலே நிழலுள்ள கரையில் உணவுண்டு இளைப்பாறலாம். பின்னர் ஏறுநீரும் கடற்காற்றும் இருபுறமும் கைகொடுத்து, புறப்பட்ட துறைக்கே நம்மைச் சேர்ப்பிக்கும். மாலை 4 மணிக்குக் கரையேறினால், கதிரவன் மறைய இரண்டு மணிநேரம் கையிருப்பாக நிற்கும். அந்த இரண்டு மணியைச் செலவிடாது வைத்திருத்தலே இத்திட்டத்தின் காப்பு.

இனி, தொலைவை எவ்வாறு வரையறுப்பது? தேங்காய் மட்டையொன்றை நீரில் எறிந்து, அதனோடு கரையில் நடந்து ஒரு நிமிடத்தில் அது செல்லுந் தூரத்தை அளந்தறிக. 30 மீட்டர் சென்றதாயின், மணிக்கு 1800 மீட்டர் ஆகும். நான்கு மணிநேரத்தில் 7 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். ஆயினும், தூண்டிலிடுவோர் பாதிநேரம் நங்கூரமிட்டு நிற்பர். ஆதலால், கணக்கில் வந்த தொலைவிற் பாதியையே, அதாவது மூன்றரைக் கிலோமீட்டரையே, வழியாகக் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அவ்வழி முழுவதையும் ஒருமுறை கரையோரமாய் நடந்து, பட்டுப்போன மரங்கள், தாழ்ந்த மின்கம்பிகள், மணலள்ளிய பள்ளங்கள், இடையிற் கரையேறத்தக்க துறைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. கைத்தொலைபேசியில் தோன்றும் நிலப்படம் ஆற்றின் வளைவைக் காட்டும். அதன் ஆழத்தைக் காட்டாது.

நிற்க, மீன் எங்கே கிடைக்கும் என்பதனையும் சிறிது கூறுவோம். ஆறு வளையுமிடத்தில் வெளிக்கரையை நீர் அரித்து ஆழமாக்கும். உட்கரையில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1945-ஆம் ஆண்டில் வீலர் என்பார் அகழ்ந்து, உரோமாபுரி வாணிகத்தின் சின்னங்களை உலகறியச் செய்த அரிக்கமேடு, அரியாங்குப்பத்தாற்றின் கரையிலேயே உள்ளது. அதன் கரையை ஆறு அரித்துவந்தமை அறிஞர் பலரும் கண்டது. ஆழமான வெளிக்கரையிலே பெருமீன் தங்கும். வற்றுநீர்க் காலத்தில் அலையாத்தி மரங்களிடையேயுள்ள சிறு வாய்க்கால்களிலிருந்து இறாலும் மீன்குஞ்சும் வெளிப்படும். அவற்றை எதிர்நோக்கிக் கொடுவா வாய்க்கால் முகத்திற் காத்திருக்கும். மடவை கூட்டமாய் மேய்வது. கெளுத்தி அடிச்சேற்றிற் கிடப்பது. ஜிலேபிக் கெண்டை 1952-ஆம் ஆண்டிற் பிறநாட்டிலிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்டு, இப்போது எங்கும் பெருகிவிட்டது.

மிதந்து செல்லும் தோணியிலிருந்து தூண்டிலிடுவோர்க்குத் தக்கை மிகவும் உதவும். தோணியும் தக்கையும் ஒரே நீரோட்டத்திற் செல்லுதலால், இரை இழுபடாமல் இயற்கையாகவே நகரும். நெட்டியாலோ மயிலிறகின் தண்டாலோ செய்த சிறு தக்கையும், அதனை நிமிர்த்துவதற்குப் போதிய ஈயக்குண்டும், நரம்பும், சில முட்களும் போதும். நீர் வற்றவற்றத் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையேயுள்ள நீளத்தைக் குறைத்துக்கொண்டு வருக. கொடுவாவுக்கு உயிருள்ள இறாலும், கெளுத்திக்கும் கெண்டைக்கும் மண்புழுவும் ஏற்ற இரை. கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்கள் நஞ்சுடையன. குத்தினால், பொறுக்கத்தக்க சூடுள்ள நீரிற் கையை அமிழ்த்தி வைத்தல் நோவைத் தணிக்கும். பின்னர் மருத்துவரை நாடுக. சிறு மீன்களை நீரிலேயே விட்டுவிடுக.

இவற்றினும் மேலான ஏற்பாடு ஒன்றுண்டு. அவ்வாற்றில் நாள்தோறும் வலைவீசி வாழும் மீனவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுதலே அது. அவருக்கு நியாயமான கூலியைப் புறப்படுமுன்னரே பேசிக் கொடுத்துவிடல் வேண்டும். "அண்ணே, இன்றைக்குப் போகலாமா?" என்று அவரைக் கேட்டு, "வேண்டாம் தம்பி" என்று அவர் சொல்லின், அட்டவணையைக் காட்டி வாதாடாது திரும்பிவிடுக. நமக்கு அந்த ஆறு ஒருநாளைய விளையாட்டு. அவர்க்கு அது வயிற்றுப்பாடு. ஆற்றிற் கட்டியிருக்கும் வலையின்மேற் தோணியைச் செலுத்துதலும், அவர் வழக்கமாக வலைவீசும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்றலும் அறமாகா. தூண்டிலிடத் தடையுள்ள இடம் யாதென மீன்வளத் துறையாரிடமும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் முன்னரே கேட்டறிக.

தோணியில் ஏறுவோர் அனைவரும், நீந்த வல்லவராயினும், மிதவைச் சட்டை அணிதல் வேண்டும். உதிரித் துடுப்பு, கயிறு, நங்கூரம், நீரிறைக்கும் குவளை, குடிநீர், தொப்பி, நீர்புகா உறையிலிட்ட தொலைபேசி ஆகியவற்றை மறவற்க. யார் யார் செல்கின்றனர், எத்துறையில் ஏறுகின்றனர், எத்தனை மணிக்குக் கரையேறுவர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டிலோ விடுதியிலோ பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்க. குறித்த நேரத்திற்கு ஒருமணி கடந்தும் செய்தி வாராவிடின், அவர் உடனே உதவி தேடவேண்டுமென்பதையும் அதிலேயே எழுதுக.

இத்துணை ஏற்பாடுஞ் செய்தபின், புறப்படும் காலையில் நீர் கலங்கியோ, காற்று மிகுந்தோ, துணைவருள் ஒருவர் உடல்நலங் குன்றியோ இருப்பின், பயணத்தை ஒத்திவைத்தலும் திட்டத்தின் ஒரு பகுதியே எனக் கொள்க. ஆறு எங்கும் போய்விடாது. ஏற்றம் அடுத்த வாரமும் வரும். கூடை நிறைய மீனொடு திரும்புதல் நல்லூழ். போனவர் அனைவரும் ஒருங்கே திரும்புதலோ நம் கடமை. அக்கடமையை முன்வைத்துச் செல்வார்க்கு அறியாத ஆறும் நாளடைவில் அறிந்த நண்பனாகும்.