'பழைய படம் மாதிரி வருமா?': ஷிஃப்ட் தொழிலாளியின் சினிமா தீர்ப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இரவு 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடம், கும்மிடிப்பூண்டி சிப்காட். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைக்கணும், ஊருக்குப் பணம் அனுப்பணும், விட்ட தூக்கத்தைப் பிடிக்கணும். நேரம் மிஞ்சினால் ஒரு படம்.

அவரிடம் "புதுப் படம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் நமக்கெல்லாம் பழகியதுதான். "சுமார். பழைய படம் மாதிரி வருமா?"

அவர் தீவிர ரசிகரும் இல்லை, விமர்சகரும் இல்லை. மாதம் ஒன்றிரண்டு படம் பார்ப்பவர். ஆனால் கடந்த சில வருடங்களாகத் தமிழ் சினிமா வியாபாரத்தில் ஒரு பகுதி இந்த ஒரு வரியை நம்பித்தான் ஓடுகிறது. ரீ-ரிலீஸ் அலை அதன் ஒரு பக்கம். விமர்சனத்துக்குத் தடை கேட்டு நீதிமன்றம் வரை போன வழக்கு இன்னொரு பக்கம்.

டிக்கெட் கணக்கு

ரசனைக்கு முன்னால் காசு. 2017-ல் தமிழக அரசு நிர்ணயித்தபடி ஏசி மல்டிபிளக்ஸில் அதிகபட்ச டிக்கெட் விலை 150 ரூபாய். இதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம், ஆக 162. அந்த 162-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 191 ரூபாய் 16 காசு. சென்னைக்காரர்களுக்கு மனப்பாடமான அந்த '191 ரூபாய்' இப்படி வந்ததுதான். 2025-ல் கேளிக்கை வரி 4 சதவீதமாகக் குறைந்ததும் அதே டிக்கெட் 184 ரூபாய் ஆனது. ஆன்லைனில் புக் செய்தால் அதற்குத் தனிக் கட்டணம். பாப்கார்ன் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி குறைவு. முன்பு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பல ரீ-ரிலீஸ் படங்கள் இந்த 100 ரூபாய் கோட்டுக்குள்தான் வருகின்றன.

இதோடு பயணத்தையும் சேர்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் ஏறினால், பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டிப் போய்ச் சேர கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். திரும்ப அதே அளவு. மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரப் பயணம் என்றால், லீவில் பாதி காலி. அப்புறம் படம் மொக்கை என்றால் கோபம் வராதா?

இன்னொரு போட்டியாளர் பாக்கெட்டிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 27-ல் தியேட்டருக்கு வந்த 'மெய்யழகன்' அக்டோபர் 25-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. சரியாக 28 நாள். நான்கு வாரம் பொறுத்தால் ரூமில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று தெரிந்தவரை 184 ரூபாய் கொடுத்து வரவைப்பது லேசான வேலை இல்லை. பழைய படத்தில் இந்த ரிஸ்க்கே கிடையாது. கிளைமாக்ஸ் வரைக்கும் தெரியும், எந்த இடத்தில் விசில் அடிக்கணும் என்றும் தெரியும்.

கில்லியா, ஒக்கடுவா?

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போனால் அடுத்தது தடா, அதாவது ஆந்திரா. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி இது. அந்தப் பக்கம் சூலூர்பேட்டை அருகே 2019 ஆகஸ்டில் 'வி எபிக்' தியேட்டரை ராம் சரண் திறந்துவைத்தார். சுமார் 100 அடி அகலத் திரை. அதில் படம் பார்க்கவென்றே சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டிக்காரருக்கு அது கிட்டத்தட்ட பக்கத்து ஊர்.

ரீ-ரிலீஸ் ஜுரமும் எல்லை தாண்டி வந்ததுதான் என்று சொல்லலாம். 2022 ஆகஸ்டில் மகேஷ் பாபு பிறந்தநாளுக்கு 'போக்கிரி' சிறப்புக் காட்சிகள் ஹவுஸ்ஃபுல் ஆக, ஆந்திரா, தெலங்கானாவில் அது சீசனாகவே மாறியது. 2023 ஜனவரியில் 'ஒக்கடு' மறுபடி வந்தது. அதன் தமிழ் ரீமேக்கான 'கில்லி', 2024 ஏப்ரல் 20-ல் 4கே தரத்தில் வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. பெரிய புதுப் படம் எதுவும் களத்தில் இல்லை. 20 வருடப் பழைய படம் தியேட்டர்களை நிரப்பியது.

ஆனால் இதை மட்டும் வைத்து 'கில்லி'தான் தமிழ்நாட்டில் ரீ-ரிலீஸைத் தொடங்கியது என்று எழுதுவது தப்பு. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு வந்து 100 நாள்களைத் தாண்டி ஓடியது. எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-ல் வந்தது. சென்னை அண்ணா நகர் மாலில் 'விண்ணைத்தாண்டி வருவாயா' தினசரி காட்சியாக 1000 நாள்களைக் கடந்தது. வித்தியாசம் என்னவென்றால், 'கர்ணன்' பார்க்க வந்தவர்களில் பலருக்கு அது அப்பா, தாத்தா காலத்துப் படம். 'கில்லி'க்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதிக்கு அது ஸ்கூல் படிக்கும்போது டிவியில் பத்து முறை பார்த்த படம்.

உளவியலில் இதற்கு 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று பெயர். சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் பின்னாளில் அதிகமாகவும் தெளிவாகவும் ஞாபகத்துக்கு வரும். "அந்தக் காலப் படம்" என்று ஒருவர் சொல்லும்போது, அது எந்த ஆண்டு என்று கேட்டால் அவர் வயதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஃபிளாப் எப்படி கிளாசிக் ஆனது?

2003 பொங்கலை எடுத்துக்கொள்வோம். 'தூள்', 'வசீகரா', 'சொக்கத்தங்கம்' ஆகியவற்றோடு 'அன்பே சிவம்' வந்தது. 'தூள்' ஜெயித்தது, 'அன்பே சிவம்' வசூலில் தோற்றது. இன்று யாரிடம் கேட்டாலும் 'அன்பே சிவம்' மாஸ்டர்பீஸ். இவ்வளவு பேருக்குப் பிடித்த படத்துக்கு அன்று டிக்கெட் எடுத்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதைத் தூக்கி நிறுத்தியது டிவி. டிக்கெட் காசு, எதிர்பார்ப்பு, போட்டிப் படம் எதுவும் இல்லாமல் ஞாயிறு மத்தியானம் பார்க்கும்போது அது வேறு படம்.

2002-ல் தோற்ற 'பாபா' 2022 டிசம்பரில் மறுபடி எடிட் செய்து வெளியிடப்பட்டது. 2014-ல் சமூக ஊடகங்களில் கிழிக்கப்பட்ட 'அஞ்சான்' நீளம் குறைக்கப்பட்டு 2025 நவம்பரில் வந்தது. அன்றைய சாதாரண ரசிகர் சொன்ன "இழுவை" என்ற ஒற்றைச் சொல் சரிதான் என்று படத்தை எடுத்தவர்களே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

அதே சமயம், பழைய படம் எல்லாம் நல்ல படம் என்ற நினைப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2003-ல் வந்த மோசமான படங்களை யாரும் ரீ-ரிலீஸ் செய்வதில்லை, யாருக்கும் பேர்கூட ஞாபகம் இல்லை. இருபது வருடம் சலித்து எடுத்த பத்துப் படங்களையும் இந்த வெள்ளிக்கிழமை வந்த மூன்று படங்களையும் ஒரே தராசில் வைக்கிறோம். புதுப் படம் பாவம்.

வாய்ப்பேச்சு காப்பாற்றிய படங்கள்

இருந்தாலும் இந்த ரசிகர் புதுப் படத்துக்கு எதிரி கிடையாது. 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' பெரிய ஓப்பனிங் இல்லாமல் தொடங்கி வாரக்கணக்கில் ஓடியது. 2025 மே 1-ல் சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில், அறிமுக இயக்குநரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. முதல் நாள் பேச்சு எதைப் பற்றி என்று சொல்லத் தேவையில்லை. நாள் போகப் போக 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குத்தான் காட்சிகள் கூடின. "ஃபேமிலியோட போலாம்" என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னதுதான் விளம்பரம்.

'மெய்யழகன்' கதை இன்னும் சுவாரசியம். தியேட்டரில் "நல்ல படம், ஆனா நீளம்" என்ற பேச்சு வந்ததும் ரிலீசுக்குப் பிறகு சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. ஓடிடிக்கு வந்ததும் அதே படத்தைக் கொண்டாடினார்கள். வீட்டில் நடுவில் எழுந்து டீ போடலாம். தியேட்டரில், கடைசி ரயிலை நினைத்து வாட்சைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மூன்று நாள் மௌனம்

2024 நவம்பர் 14-ல் 'கங்குவா' வெளியானதும், தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூப் சேனல்கள் மீது தயாரிப்பாளர்களின் கோபம் திரும்பியது. வளாகத்துக்குள் அவர்களை விடவேண்டாம் என்று தியேட்டர்களுக்குக் கோரிக்கை போனது. அடுத்த மாதம், ரிலீசாகி முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை கேட்டு தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. விமர்சிக்கும் உரிமையைப் பொதுவாகத் தடுக்க முடியாது என்று நீதிபதி எஸ்.சவுந்தர் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டார்.

தயாரிப்பாளர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காட்சி முடியும் முன்பே வரும் வன்மமான ட்வீட்டும், காசு வாங்கிக்கொண்டு போடும் வீடியோவும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் அந்தத் தடையில் யாரெல்லாம் மாட்டியிருப்பார்கள் என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் முதல் மூன்று நாள் என்பது வெள்ளி, சனி, ஞாயிறு. சிப்காட் ஆளுக்குப் பெரும்பாலும் லீவு ஞாயிறுதான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமல் அவர் ரயில் ஏற வேண்டியிருக்கும், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' மாதிரி ஸ்டார் இல்லாத படம் என்றால், யாரும் சொல்லாமல் அந்த அடுத்த ஞாயிறுக்கு எத்தனை காட்சிகள் மிஞ்சியிருக்கும்?